நனையாத பெட்டி

திராய்மடுவில், ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளுள் ஒன்றின் முன்னறைச் சுவரிலே கண்ணாடிச் சட்டமிட்ட படமொன்று தொங்குகிறது. அது ஏழு வயதுச் சிறுமியொருத்தியின் முகம் என்பது முன்பே அறிந்தவர்க்குத்தான் புலப்படும். பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று எடுக்கப்பட்ட குழுப்படமொன்றில், இரண்டாம் வரிசையிலே நின்ற பிள்ளையின் தலையை மட்டும் பிரித்தெடுத்துப் பெருப்பித்த படம் அது. மூலப்படத்தில் உளுந்தளவாய் இருந்த முகம் சட்டத்தின் அளவுக்கு விரிந்தபோது வெறும் புள்ளிகளின் கூட்டமாகிவிட்டது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரு நிழல்கள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் சற்றே வெளிறிய ஒரு கோடு. ஒவ்வோர் ஆண்டும் மார்கழி 26ஆந் திகதி தாயார் அதற்கு மாலை மாற்றுகிறார்.

அக்குடும்பத்தார் முன்னர் நாவலடியில் வாழ்ந்தவர்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாய் அமைந்த ஒடுங்கிய மணல்திட்டு நாவலடி. 2004ஆம் ஆண்டு, பூரணையும் ஞாயிறும் ஒன்றாய்க் கூடிய அந்தக் காலையிலே கடல் அத்திட்டைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. மூத்த பிள்ளை போயிற்று. வீடு போயிற்று. வீட்டோடு தகரப் பெட்டியும், அதனுள்ளிருந்த படத்தொகுப்பும் போயின. தொகுப்பு மூன்றாம் நாள் வேலியோரத்தில் அகப்பட்டது. ஆனால் அதில் ஒரு முகமும் எஞ்சவில்லை. குழுப்படம் தப்பியது, அதன் பிரதியொன்று படுவான்கரையிலே வாழ்ந்த வகுப்பாசிரியை ஒருவரிடம் இருந்தமையால்.

அந்த வேளையில் ஒன்றரை வயதினனாய் இருந்த தம்பி, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவனாகி வந்தாறுமூலைக்குப் போய்வரலானான். இறுதி வருட ஆய்வுக்கட்டுரைக்கு அவன் தேர்ந்துகொண்ட பொருள் மட்டக்களப்பு வாவியின் மீன்பிடித் தொழிற் சொற்கள். சொல்லைப் பதிவுசெய்வதற்குக் குறிப்பேடு போதும்; ஆனால் ஒரு வலையை எந்த விரல் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லால் எழுதிப் பார்த்தவர்க்குத்தான் அதன் இடர் விளங்கும். மேற்பார்வை செய்த விரிவுரையாளரும் படங்கள் இன்றியமையாதன என்றார். இவ்வாறாகவே கமரா ஒன்று வாங்கும் எண்ணம் அவ்வீட்டினுள் நுழைந்தது.

கைத்தொலைபேசி இருக்கையிலே கமரா எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அவனிடமும் ஒன்று இருந்தது. அது முதலாவது களப்பயணத்திலேயே, மண்முனைக்கு அப்பால், தோணியின் விளிம்பிலிருந்து வழுக்கி வாவிக்குள் போய்விட்டது. தேடியெடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்ததும் பயன் தரவில்லை. ஆகவே தொலைபேசியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும் மகாபொலவில் மிச்சம்பிடித்ததும் ஒன்றரை இலட்சம் ரூபாயை அண்மின. அத்தொகைக்குப் புதிய கருவியை எண்ணிப் பார்ப்பதற்கில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறியபின், வெளிநாட்டுப் பொறிகளின் விலையைக் கேட்பதே வீண்வேலையாயிற்று. ஆயினும் பழைய கருவிகள் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கட்டாரிலிருந்து திரும்பிய மைத்துனர் ஒருவரிடம் ஒலிம்பஸ் நிறுவனத்தின் டி.ஜி.-6 என்னும் சிறிய கமரா, 2019இல் வெளிவந்தது. நகரிலே படக்கூடம் நடத்தும் ஒருவரிடம் கனொன் 2000டி என்னும், வில்லை கழற்றி மாற்றத்தக்க கண்ணாடிக் கமரா. அதற்கு முந்திய ஆண்டினது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இருவருமே, பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி கருவியை இரண்டு நாட்களுக்குக் கொடுத்தனர். இக்காலத்தில் இத்தகைய தாராளம் எளிதிற் கிட்டுவதன்று.

சிறிய கமரா சட்டைப்பைக்குள் அடங்கும். நிறை 253 கிராம். பதினைந்து மீற்றர் ஆழத்து நீரிலும் உள்ளே ஈரம் புகாது. ஆளுயரத்துக்கு மேலிருந்து விழுந்தாலும் உடையாது. நூறு கிலோகிராம் பாரம் அழுத்தினாலும் நொறுங்காது என்பன அதனை ஆக்கியோர் கூறும் சிறப்புகள். வில்லையை ஒரு சதமமீற்றர் அண்மையிற் கொண்டுபோயும் படமெடுக்கலாம். இறாலின் மீசையில் ஒட்டிய மணலும் தெரியும். மற்றையது வில்லையுடன் முக்கால் கிலோவை நெருங்குவது; மழைத்துளி பட்டாலே அஞ்சவேண்டியது. தாயார் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். எது நீருக்குத் தாங்கும் என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

அவனுக்கும் விடை அங்கேயே தீர்ந்துவிட்டதுபோல் தோன்றியது. தண்ணீர் கொண்டுபோன வீட்டுக்கு, தண்ணீர் புகாத பெட்டி. இதனினும் பொருத்தமானது வேறு யாது?

மைத்துனரின் கமராவுக்கு ஒரு பரம்பரை உண்டு. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் தூண்டுதலால் உருவாகிய கலிப்சோ என்னும் கருவியை நிக்கோன் நிறுவனம் ஏற்று, 1963இல் நிக்கோனொஸ் என்ற பெயரில் வெளியிட்டது. தனியாக உறையொன்று பூட்டாமலே நீருக்குள் கொண்டுசெல்லத்தக்க கமராவாக அது உலகெங்கும் பெயர்பெற்றது. மட்டக்களப்பாருக்கு நீரடி என்றதும் நினைவுக்கு வருவது ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பல். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு இக்கரைக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே அது கிடக்கின்றது. பதினைந்து மீற்றர்க் கமரா அங்கே செல்லாது. வாவிக்கோ அவ்வளவு தேவையுமில்லை. பல இடங்களில் ஆள் இறங்கி நின்றால் நீர் மார்பளவைத் தாண்டாது. உண்மையில் நீர்காப்பின் பயன் ஆழத்துக்கன்று. தெறிப்புக்கும், உப்புக்கும், தோணி ஒருக்களிக்கும் அந்த ஒரு கணத்துக்குமே அது வேண்டப்படுவது.

முதல் நாட் காலை பெரியப்பாவின் தோணியில் இரு கருவிகளும் ஏறின. கண்ணாடிக் கமராவை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியொன்றினுள் துவாயால் சுற்றி வைத்திருந்தான். சிறிய கமரா கழுத்திலே தொங்கியது. கச்சான் காற்று வீசும் காலம். எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலாக ஞாயிறு எழுந்ததும் வாவி முழுவதும் தகடாய் மின்னியது. இவ்வாவியின் இரு கரைகளையும் எழுவான், படுவான் என ஒளியைக் கொண்டே பெயரிட்ட முன்னோர் படமெடுப்பாருக்கு வேண்டிய முதற்பாடத்தை ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்துவிட்டனர். காலையில் படுவானை நோக்கி நின்றால் முகத்தில் ஒளி விழும். எழுவானை நோக்கி நின்றால் கருநிழலே மிஞ்சும்.

அந்த மின்னலிலே சிறிய கமராவின் குறையொன்று வெளிப்பட்டது. அதற்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. பின்புறத் திரையைப் பார்த்தே படமெடுத்தல் வேண்டும். ஒன்பது மணி வெயிலில் அத்திரையில் தெரிந்தது அவனுடைய முகமும் வானமுமே. வலை வீசப்படும் திசையை ஊகித்துக் கையை நீட்டி அழுத்தினான். பன்னிரண்டு படங்களில் ஏழில் பெரியப்பாவின் தலை இல்லை. மற்றைய கமராவை வாளியிலிருந்து எடுத்துக் கண்ணிலே வைத்தபோது வாவி அப்படியே கண்ணாடியினூடாகத் தெரிந்தது. வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அது மறையவில்லை. ஆனால் அதை வெளியே எடுப்பதும், ஈரக் கையைத் துடைப்பதும், மீண்டும் மூடுவதுமாய் இருந்ததில் இரண்டு வீச்சுகள் தவறிப்போயின. பெரியப்பா சவளை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“மனே, நீ படம் புடிக்க வந்தனியா, வாளிக்குக் காவல் இரிக்க வந்தனியா?”

ஆயினும் அன்று பிற்பகல் கணினியில் இரண்டின் படங்களையும் அருகருகே வைத்து நோக்கியபோது பெரிய வேற்றுமை தென்படவில்லை. பகல் ஒளி தாராளமாய்க் கிடைக்கும்போது சிறிய கருவியும் தன் வேலையைக் குறைவின்றிச் செய்யும். இதனை மறைத்து, விலையோ உருவமோ கண்டு கண்ணாடிக் கமராவைப் புகழ்வோர் பலர். அவர் கூற்றில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

அன்றிரவு நிகழ்ந்ததுதான் வேறு. பெரியப்பா விளக்கு வைத்து இறால் பிடிக்கப் புறப்பட்டார். இடுப்பளவு நீரில் அத்தாங்குடன் அவர் நடக்க, தோணி பின்னே கட்டுண்டு வந்தது. வெளிச்சம் என்று சொல்லக்கூடியது அந்த ஒரு விளக்கு மட்டுமே. சிறிய கமராவுடன் அவனும் நீரில் இறங்கி நடந்தான்; அச்சமின்றி அவர் முழங்கையருகே நின்று எடுத்தான். பின்னர் தோணியில் ஏறி, கண்ணாடிக் கமராவால் எட்டத்திலிருந்து எடுத்தான். படக்கூடத்துக்காரர் அதனோடு தந்திருந்த 50 மில்லிமீற்றர் வில்லை, சாதாரண வில்லையிலும் பன்மடங்கு ஒளியை உள்ளே விடுவது. ஆனால் அதனால் எடுக்கும்போது பார்வை ஒடுங்கும். தோணிக்குள் எதிரே இருப்பவரின் முகம் கொள்ளும், வலை கொள்ளாது.

இவ்விடத்திலே கருவியின் உட்புறத்தைச் சற்று நோக்குதல் தகும். முற்காலப் பிலிமின் இடத்தில் இக்காலக் கமராக்களில் இருப்பது உணரி என்னும் சிறு தகடு. சிறிய கமராவின் உணரி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமும் நாலரை மில்லிமீற்றர் அகலமுமானது. குன்றிமணியொன்று அதனை மறைத்துவிடும். மற்றையதன் உணரி 22.3 மில்லிமீற்றர் நீளமும் 14.9 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. பரப்பிலே ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. மழைநாளில் முற்றத்தில் சிரட்டையொன்றையும் அண்டாவொன்றையும் வைத்தால் எதில் நீர் கூடச் சேரும் என்பது போன்றதே இது. ஒளியும் மழை போல விழுவது. சிரட்டையின் சார்பிலும் ஒன்று சொல்லவேண்டும்: சிறிய கமராவின் வில்லைத் துவாரம் அகன்றது, 2.0 என்னும் எண்ணளவு. கண்ணாடிக் கமராவோடு வழமையாக வரும் வில்லை 3.5இல்தான் தொடங்கும். இரண்டையும் கூட்டிக் கணித்தால் பன்னிரண்டு மடங்கு என்பது நான்கு மடங்களவாகச் சுருங்கிவிடும். ஆனால் தூரத்துப் பொருளை அண்மிக்கும்போது சிறியதன் துவாரமும் 4.9 ஆக ஒடுங்கிவிடுவதால் அச்சலுகை போய்விடும். ஒளி போதாதவிடத்து மின்னணுச் சுற்று கிடைத்த சொற்பச் சைகையைப் பெருப்பிக்க முனையும். அதனோடு சேர்ந்து பெருகும் ஒழுங்கற்ற ஏற்றத்தாழ்வே படத்தில் மணல்போல் தெரிவது. அம்மணலை அழிக்கும் முயற்சியில் தோலின் கோடுகளும் அழிந்துபோகும்.

இவ்வாதம் புதிதன்று. லைக்கா என்னும் சிறு கமரா 1925இல் விற்பனைக்கு வந்தபோதும் கண்ணாடித் தகட்டுக் கமராக்களில் பழகியோர் அதனை விளையாட்டுப் பொருளென எண்ணினர். 24க்கு 36 மில்லிமீற்றர் பிலிம் துண்டிலிருந்து பெரிய படம் எப்படி வரும் என்பது அவர்கள் எழுப்பிய தடை. இலங்கையின் புகைப்படக் கலையை உலகறியச் செய்த லயனல் வென்ட் அந்த லைக்காவையும் கையாண்டவர். அவர் 1944இல் மறைந்தபின் அவருடைய பிலிம்கள் அழிந்துபட்டன. இன்று அவருடைய கலையென எஞ்சியிருப்பன அவர் அச்சிட்டு வைத்த படங்களும், 1950இல் வெளிவந்த நூலும் போன்றனவே. கருவி சிறிதா பெரிதா என்ற வினா ஓய்ந்தபின்னும், படம் எங்கே தங்குகிறது என்ற வினா ஓயவில்லை. பின்னையதை அவ்விளைஞன் அதுவரை எண்ணிப் பார்த்தவனல்லன்.

கமராவைத் திருப்பிக்கொடுக்கப் படக்கூடத்துக்குச் சென்றபோது, சுவரிலே தொங்கும் தமக்கையின் படத்தையும் உடன் எடுத்துச் சென்றான். இக்காலக் கணினியால் அம்முகத்தைத் தெளிவாக்க முடியுமா என்று கேட்பது அவன் நோக்கம். உரிமையாளர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் தந்தையின் காலந்தொட்டு இத்தொழில் செய்பவர்; கடுதாசியைத் தொட்டே ஆண்டு சொல்லக்கூடியவர்.

“நாப்பது புள்ளைகள் நிக்கிற படம் தம்பி,” என்றார் அவர். “பிலிம் முப்பத்தாறு மில்லிமீற்றர் அகலம். அதில ஒரு புள்ளையிர முகம் ஒரு மில்லிமீற்றரும் வராது. இப்ப கணினியில குடுத்தா வடிவான முகம் ஒண்டு வரும். ஆனா அது உங்கட அக்காட முகமா இராது. அது தானா ஒரு முகத்தச் செய்து தரும்.”

பெருப்பித்தல் இல்லாததைத் தராது. முன்னறையில் தாயார் இருபது ஆண்டுகளாக மாலையிட்டுவந்த படத்தில் தமக்கையின் கண்கள் மறைந்துபோகவில்லை. அவை எக்காலத்திலும் அப்படத்திற் பதியவேயில்லை. அவன் அதைச் சுற்றியெடுத்துக்கொண்டு புறப்படும்போது, நனைந்த தொகுப்பைக் கண்டெடுத்த பின் என்ன செய்தீர்கள் என்று உரிமையாளர் விசாரித்தார். வெயிலில் காயவைத்ததாகத் தாயார் சொல்லக் கேட்டிருந்தான். அவர் தலையசைத்தார், குற்றஞ்சாட்டும் தலையசைப்பன்று.

நிறப்படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின் என்னும் பசைப்பொருளாலானது. நனைந்ததும் அது ஊதி இளகும். அந்நிலையில் அடுக்காய் வெயிலில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். பிரிக்க முனைந்தால் முகம் உரிந்துவரும். நன்னீரில் மெல்ல அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, நிழலில் உலர்த்தியிருந்தால் சில தப்பியிருக்கக்கூடும். 2011இல் யப்பானைக் கடல்கோள் தாக்கியபின் அங்கே தொண்டர்கள் பெருந்தொகையான படங்களை இவ்வாறு கழுவி உரியவரிடம் சேர்த்தனர். நாவலடியில் மூன்றாம் நாள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு அது எவ்வாறு தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தாலும் நன்னீருக்கு எங்கே போவது? கிணறெல்லாம் உப்பாய்க் கிடந்தது.

இங்கே அவன் எண்ணம் ஒரு திருப்பம் கண்டது. கடல் கொண்டுபோன அப்படங்களை எடுத்த கமராக்கள் எவையும் அன்று நாவலடியில் இருக்கவில்லை. அவை நகரத்துப் படக்கூடங்களில் நனையாமல் இருந்தன. அவற்றால் ஒரு பயனும் விளையவில்லை. நீர்காப்புடைய கருவி தன்னைத்தான் காக்கும். அது எடுத்த படத்தைக் காப்பது வேறொரு வேலை. அதற்குப் பொறி எதுவுமில்லை, படுவான்கரை ஆசிரியையின் அலுமாரி போன்ற இன்னோர் இடம் வேண்டும், அவ்வளவே.

எனினும் தாயாருக்கு இத்தகைய தருக்கம் ஏற்குமோ என்று அவன் ஐயுற்றான். நியாயம் பேசுவதை விடுத்து, இரவில் எடுத்த பெரியப்பாவின் படங்களுள் கருவிக்கு ஒன்றாக இரண்டை, ஒரே அளவிற் பெரிதாக அச்சிட்டுக் கொணர்ந்தான். எது எதனால் எடுத்தது என்று சொல்லவில்லை. தாயார் இரண்டையும் முன்றிலில் வைத்துப் பார்த்தார். பெத்தாவும் வந்து குனிந்து நோக்கினார். சிறிய கமராவின் படத்தில் அண்மை இருந்தது. நீர்த்துளிகள் அந்தரத்தில் நின்றன. ஆனால் முகம் மெழுகினால் வழித்ததுபோல் இருந்தது. மற்றையதில் விளக்கின் ஒளி கன்னத்தின் ஒரு பாதியில் விழுந்து, இளமையில் தூண்டில் கிழித்த புருவ வடுவையும் காட்டிற்று.

பெத்தாதான் முதலிற் பேசினார்: “இதில அவன்ட கண் தெரியிது கா.”

தாயார் அப்படத்தின்மீது கையை வைத்தார். விரலால் வடுவைத் தடவினார். இதுதான் தண்ணீருக்குத் தாங்காத கமரா என்று அவன் அப்போது சொன்னான். வாவிக்குள் விழுந்தால் ஒன்றரை இலட்சமும் போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை. தாயார் சுவரைப் பார்க்கவில்லை. எதிரே முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“தண்ணி வரக்குள்ள பொட்டியையா மனே பாத்த நாங்க? நான் உன்னத்தான் தூக்கினன்.”

மற்றக் கையிலே யாருடைய கை இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவன் கண்ணாடிக் கமராவை வாங்கினான். மைத்துனருக்குச் சிறிது மனக்கசப்பு. பின்னர் அது தீர்ந்தது. கமராவை வாங்குவதனினும் அதனை மட்டக்களப்பிலே உயிரோடு வைத்திருத்தலே பெரும்பாடு என்பதை அவன் விரைவில் உணர்ந்தான். கச்சான் காலத்தில் வில்லையை மாற்றும்போது நுண்மணல் உணரியில் ஒட்டும். வானத்தை எடுத்த படமெங்கும் புள்ளி விழும். மாரியில் காற்றே ஈரமாயிருக்க, வில்லைக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு அவன் கண்ட வழி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியொன்றும், புதுச் சப்பாத்துகளோடு வரும் ஈரமுறிஞ்சும் பைக்கற்றுகளும். தோழர்கள் கண்ட கண்ட கடைகளிலெல்லாம் அவற்றைக் கேட்டுச் சேர்த்துக் கொடுத்தனர். நீர்காப்புக் கமராவை வாங்கியிருந்தாலும் கவலை இல்லாதிருந்திருக்கும் என்பதற்கில்லை. அதன் கதவுகளிலுள்ள இறப்பர் விளிம்பில் ஒரு மயிரோ மணற்பருக்கையோ அகப்பட்டால் காப்பு முழுவதும் பொய்த்துவிடும். உப்புநீரில் இறங்கிவந்த ஒவ்வொரு தடவையும் நன்னீரில் ஊறவைத்தல் வேண்டும்.

படங்களை அவன் மூன்று இடங்களில் வைக்கலானான். ஒன்று வீட்டுக் கணினியில்; ஒன்று வந்தாறுமூலை விடுதியிலுள்ள நண்பனிடம்; மூன்றாவது, அச்சிட்ட படங்களாக, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வாழும் அதே ஆசிரியையிடம். அவர் இப்போது ஓய்வுபெற்றவர். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. அலுமாரியின் மேற்தட்டை ஒதுக்கிக் கொடுத்தார்.

ஆறு மாதங்களில் ஏறத்தாழ எழுபது சொற்களும் அவற்றுக்குரிய படங்களும் சேர்ந்தன. பெரியப்பாவின் கைகள், துறையிலே வலை பொத்தும் முதியவர்கள், குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்திருப்போர், மீன் கூடையுடன் சைக்கிளில் செல்வோர், கரப்பு முடையும் ஒருவரின் பெருவிரல் நகம். தாயாரையும் பெத்தாவையும் யன்னலோரம் இருத்தி எடுத்த படங்கள் ஆய்வுக்கு உரியனவல்ல. ஆயினும் ஆசிரியையின் அலுமாரிக்கு முதலிற் போனவை அவைதாம்.

மாரி தொடங்கி முகத்துவாரம் திறக்கப்பட்டதை அடுத்து ஒரு விடியற்காலை, கடலுக்கும் வாவிக்கும் இடையே நீர் இழுக்கும் இடத்தை நோக்கிப் பெரியப்பாவும் அவனும் சென்றனர். அதுகாறும் அவன் குறிப்பேட்டில் சொல்லாக மட்டும் இருந்த ஒரு வீச்சினை அன்று கண்டான். ஓடும் நீரில், தோணியின் மூக்கிலே ஒற்றைக்காலை ஊன்றி, உடலை முற்றாகத் திருப்பி வலையை எறியும் முறை. ஆண்டில் சில நாட்களுக்கே அதற்குத் தேவை வரும். மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. வாளியின் மூடியில் கை வைத்தான், திறக்கவில்லை. சிறிய கமரா கழுத்தில் தொங்கியிருக்குமானால் அக்கணம் அகப்பட்டிருக்கும். மங்கலாக, மெழுகுபோல், தலை வெட்டுண்டுகூட அகப்பட்டிருக்கலாம்; ஆயினும் அகப்பட்டிருக்கும்.

வலை விழுந்து மூழ்கியது. பெரியப்பா திரும்பிப் பார்த்து, “எடுத்தியா மனே?” என்றார். இல்லை என்றதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்.

ஆய்வுக்கட்டுரையில் அச்சொல்லுக்குரிய பக்கத்திலே படம் இல்லை. பென்சிலால் வரைந்த ஓர் உருவம் இருக்கிறது; தோணியின் மூக்கில் ஒற்றைக்காலில் நிற்கும் மனிதன். வரையத் தெரியாதவன் வரைந்தது. கால் எவ்விடத்தில் ஊன்றியது என்பதைப் பெரியப்பாவிடம் இருமுறை கேட்டு அழித்து எழுதிய தடம் கடுதாசியில் இன்னும் தெரிகிறது.